நேரில் வந்து சொல்லட்டும்

2017 ஏப்ரல் 22ஆம் நாள் இடுக்கி மாவட்டத்தின் இருபதேக்கர் என்னும் சிற்றூரில் நடந்த கட்சிக் கூட்டமொன்றில் அன்றைய கேரள மின்துறை அமைச்சர் எம். எம். மணி பேசினார். உள்ளூர் மக்கள் முன்னிலையில் அவர் எத்தனையோ முறை பேசியது போன்ற பேச்சுதான் அது. மூணாறு ஆக்கிரமிப்பு அகற்றம் சூடு பிடித்திருந்த வாரம். இரண்டு நாள் முன்புதான் சின்னக்கானல் பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நடப்பட்டிருந்த பெரிய சிலுவையை வருவாய்த்துறையினர் அகற்றியிருந்தனர். தேவிகுளம் சார் ஆட்சியர் ஸ்ரீராம் வெங்கிட்டராமன் மீது அமைச்சருக்குக் கடுஞ்சினம். அவரைவிடவும் கூடுதலான சினம், அவரை நாயகனாக்கிக் காட்டிக்கொண்டிருந்த தொலைக்காட்சிகளின் மீது.

அந்தச் சினத்தின் போக்கில்தான் பழைய கதை ஒன்று மேடைக்கு வந்தது. 2007இல் அச்சுதானந்தன் அரசு மூணாறுக்கு அனுப்பிய சிறப்புக் குழுவின் அதிகாரி, அரசு விருந்தினர் மாளிகையில் பத்திரிகையாளர்களுடன் குடித்துக் கிடந்தார் என்று அமைச்சர் குற்றம் சாட்டினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அதிகாரிக்கும் பத்திரிகையாளருக்கும் அமைச்சருக்கும் இடையிலான வழக்காக அது முடிந்திருக்கும். பெம்பிளை ஒருமைப் போராட்டம் நடந்த காலத்திலும் குடியும் எல்லாமும் அங்கே நடந்தன, பக்கத்துக் காட்டில் நடந்தன என்று பொருள்படும்படி அவர் தொடர்ந்தார். 2015இல் தெருவில் அமர்ந்த ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள் அந்த ஒரு வாக்கியத்திற்குள் இழுக்கப்பட்டனர். பத்திரிகையாளரை அடிக்க ஓங்கிய கை அங்கே நின்றிராத பெண்களின் மீது விழுந்தது. இந்த நிகழ்வில் ஆராயத்தக்கதாக இருப்பது இந்த இடம்தான். ஆனால் அடுத்து வந்த நாட்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுவே.

ஏனெனில் விவாதம் உடனடியாக வேறு தடத்திற்கு மாறிவிட்டது. தம் பேச்சு பதினேழு நிமிடம் நீண்டது, ஊடகங்கள் அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டி ஒளிபரப்பின, பெண்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதிகாரிகளையும் பத்திரிகையாளர்களையும்தான் சொன்னேன் என்று அமைச்சர் விளக்கினார். முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில், அது மணியின் நாட்டு நடைப் பேச்சு என்று ஆதரவாகப் பேசினார். எதிர்க்கட்சியினர் அவையை நடத்தவிடவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலக் குழு ஏப்ரல் 26 அன்று மணியைப் பகிரங்கமாகக் கண்டித்துத் தீர்மானித்தது. இத்தனைக்கும் நடுவில், முழு உரையா, வெட்டிய துண்டா என்பதே கேள்வியாகிப் போனது. முழு உரையைக் கேட்டாலும் அந்த வாக்கியம் அதன் உள்ளேதான் இருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னவர்கள் சிலரே.

மூணாறு நகரில் பட்டினிப் போராட்டம் தொடங்கிய பெண்கள் அந்த விவாதத்திற்குள் நுழையவே இல்லை. அவர் பதவி விலக வேண்டும் என்றனர். மூணாறுக்கு நேரில் வந்து தங்கள் முன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றனர். மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று அமைச்சர் தொலைக்காட்சி ஒலிவாங்கிகளின் முன் கூறியிருந்தார். அது அவர்களுக்குப் போதவில்லை. ஊடகத்தை நம்பவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தம் வருத்தத்தை அந்த ஊடகத்தின் வழியாகத்தான் அனுப்பினார். ஊடகத்தின் வெளிச்சத்தால் பெயர் பெற்ற பெண்களோ, ஊடகம் இடையில் வேண்டாம், நேரில் வந்து சொல்லட்டும் என்றனர். மக்கள் பிரதிநிதிகளுக்கும் செய்தியாளர்களுக்கும் இடையிலான உறவைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளில் இந்தத் தலைகீழ் நிலைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம்.

மணியின் பொது வாழ்வில் ஒளிப்படக் கருவிக்கு உள்ள இடத்தை விளங்கிக்கொள்ளாமல் இதைப் பேசுவது நியாயமாகாது. கோட்டயம் மாவட்டத்திலிருந்து மலையேறிய குடியேற்றக் குடும்பம் அவருடையது. ஏட்டுக்கல்வி மிகக் குறைவு. தொழிலாளர்களைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தவர். 1980களின் நடுவிலிருந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாக இடுக்கி மாவட்டச் செயலாளர். தொண்டர்களுக்கு அவர் ‘ஆசான்’. இந்த வகைத் தலைவர்களின் பேச்சு, கூட்டத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து விளைவது. சிரிப்பு எழுந்தால் இன்னும் ஒரு படி ஏறும், கைதட்டல் எழுந்தால் இன்னும் இரண்டு படி. அச்சில் ஏறுவதற்கான பேச்சன்று அது. மலையடிவாரத்துச் சந்தி ஒன்றில் மாலை ஆறு மணிக்குச் சொன்னது அங்கேயே கரைந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறை அரசியல்வாதிகள் வளர்ந்தனர்.

அந்த நம்பிக்கை உடைந்த நாள் 2012 மே 25. டி. பி. சந்திரசேகரன் கொலை செய்யப்பட்டு மூன்று வாரம்கூட ஆகியிராத நேரம். தொடுபுழையை அடுத்த மணக்காட்டில் பேசிய மணி, முற்காலத்தில் கட்சி எதிரிகளின் பட்டியல் ஒன்றைப் போட்டதாகவும், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தீர்த்ததாகவும் சொன்னார். அந்தக் காட்சி அன்றே மாநிலம் முழுதும் ஓடியது. வழக்குப் பதிவானது, மாவட்டச் செயலாளர் பதவி போனது, 1982இல் நடந்த அஞ்சேரி பேபி கொலை வழக்கில் அந்த நவம்பரில் கைதாகி ஆறு வாரத்திற்கும் மேல் சிறையில் இருந்தார். பத்தாண்டு கழித்து, 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவரை அவ்வழக்கிலிருந்து விடுவித்தது. ஆகவே ஊடகத்தின் மீதான அவருடைய கசப்புக்கு அவர் தரப்பில் நியாயம் உண்டு. தொலைக்காட்சியில் ஓடிய சில நிமிடக் காட்சி ஒரு மனிதரின் பத்தாண்டைத் தின்றிருக்கிறது. அந்தக் காட்சியில் இருந்த சொற்கள் அவருடையவை என்பதும் அதே அளவு உண்மை.

இத்தகைய பட்டறிவுக்குப் பின் ஒருவர் இரண்டு பாடங்களில் ஒன்றைக் கற்கலாம். பேசுவதை எண்ணிப் பேசுவது ஒன்று. பேசியது எதுவாயினும் பதிவு செய்தவனைக் குற்றவாளியாக்குவது மற்றொன்று. இரண்டாவதுதான் எளிது, அரசியல் ஆதாயமும் அதில்தான் அதிகம். ‘பத்திரிகைக்காரன் திரித்துவிட்டான்’ என்று சொல்லும் தலைவரைத் தொண்டர் கூடுதலாக நேசிக்கிறார். கேரளத்திற்கு மட்டுமே உரிய நோயன்று இது. வாஷிங்டனிலும் சென்னையிலும் இதே மருந்துதான் விற்பனையாகிறது. ஆனால் இடுக்கியில் அதற்குக் கூடுதலாக ஒரு பெயர் கிடைத்தது: நாட்டு நடை.

நாட்டு நடை என்ற இந்த வாதம் நின்று ஆராயத்தக்கது. மலையாளத்தில் ‘நாடன்’ என்னும் சொல் கோழிக்கும் வரும், பாட்டுக்கும் வரும், பேச்சுக்கும் வரும். எங்கு வந்தாலும் கலப்படமற்றது என்ற பாராட்டு அதில் ஒட்டியிருக்கும். தமிழிலும் ‘மண்வாசனை’ என்று சொல்லி இதே வேலையைச் செய்துகொள்வோம். படிக்காதவர், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசத் தெரியாதவர், மனத்தில் பட்டதைச் சொல்கிறார் என்பது அதன் உட்கிடை. சரி. அப்படியானால் 2015 செப்டம்பரில் மூணாறுத் தெருவில் பேசிய பெண்களின் மொழி என்ன நடை?

அந்த மாதம் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், கொசுவம் வைத்த சேலையோடும் தலைத்துண்டோடும் இறங்கி வந்து, மூணாறு வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை அடைத்து உட்கார்ந்தனர். போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது உடனடிக் காரணம். 20 விழுக்காடு போனஸ், 500 ரூபாய் நாட்கூலி என்பவை கோரிக்கைகள். அன்றைய கூலி 232 ரூபாய். ஒன்பது நாட்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்ட வரவிடவில்லை. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும், அவர்களைப் போலவே தமிழ் பேசும் தோட்டப் பின்னணியில் வந்தவருமான எஸ். இராஜேந்திரனையும் விரட்டினர். பல பத்தாண்டுகளாக அவர்கள் சார்பில் பத்திரிகைகளிடம் பேசிவந்தவர்கள் சங்கத் தலைவர்களே. இப்போது இடையில் யாரும் இல்லை. மலையாளச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஒலிவாங்கிகளை நேரே பார்த்து, தமிழில், தங்கள் லயத்து வீட்டின் கூரையைப் பற்றியும், கழிப்பறையைப் பற்றியும், பச்சைக் கொழுந்தின் எடையைப் பற்றியும், சங்கத் தலைவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதைப் பற்றியும் அவர்கள் பேசினர். நேரலையில் மொழிபெயர்ப்பு எழுத்தோட்டம் கிடையாது. மலையாளி வீடுகள் அதைப் புரிந்துகொண்டன.

செப்டம்பர் 13 இரவு, அன்றைய முதலமைச்சர் உம்மன் சாண்டி தலைமையிலான பேச்சுவார்த்தையில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு ஒப்புக்கொள்ளப்பட்டது. நாட்கூலி 500 ஆகவில்லை. அக்டோபரில் 301இல் நின்றது. அந்த ஒன்பது நாட்களில் அவர்களின் மொழி மழமழப்பாக இல்லை. ஏச்சும் இருந்தது, கிண்டலும் இருந்தது. ஆனால் அதை யாரும் நாட்டு நடை என்று கொண்டாடிவிடவில்லை. பின்னாலிருந்து யாரோ இயக்குகிறார்கள், வெளிச்சக்திகள் புகுந்துவிட்டன என்ற பேச்சுதான் சங்கத் தரப்பிலிருந்து எழுந்தது. அமைச்சரின் கரடுமுரடான மொழி அவருடைய உள்ளத்தின் நேர்மைக்குச் சான்றாகிறது. கூலிப்பெண்ணின் கரடுமுரடான மொழி அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததற்குச் சான்றாகிறது. நாட்டு நடை என்பது மொழியின் பண்பன்று, பேசுபவரின் பதவியோடு சேர்ந்து வழங்கப்படும் சலுகை என்று கொள்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

(இந்த மலைகளில் அரசியல் செய்தி எப்போதும் பத்திரிகை வழியாகவே சென்றதில்லை என்பதையும் இடையில் குறிக்க வேண்டும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸின் வெற்றிக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடித் திரிந்தவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். மலையாளம் அறியாத தொழிலாளியிடம் கட்சி சென்று சேர்ந்தது தமிழ்ப் பாட்டின் முதுகில் ஏறித்தான்.)

2015 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பெம்பிளை ஒருமை வேட்பாளராக நின்ற கோமதி அகஸ்டின் தேவிகுளம் வட்டார ஊராட்சிக்கு நல்லதண்ணி பிரிவிலிருந்து தேர்வானார். கொழுந்து கிள்ளும் தொழிலாளி ஒருவர், எந்தப் பெரிய கட்சியின் சின்னமும் இன்றி வென்றது அன்றைய பெரிய செய்தி. அத்தோடு செய்தியும் முடிந்தது. வட்டார ஊராட்சி உறுப்பினர் என்ற பதவியில் செய்தியாவதற்கு என்ன இருக்கிறது? குழுக் கூட்டம், திட்டப் பட்டியல், பயனாளிகள் தேர்வு, ஒப்பந்தப்புள்ளி. தோட்ட நிலமோ நிறுவனத்தின் கையில். லயத்தின் ஓட்டை மாற்றக்கூட ஊராட்சிக்கு வழி குறுகல். செய்தியாளர் தேடி வருவது பிளவு என்றால், கட்சி மாறினார் என்றால், ஒருவர் மற்றொருவரைக் குற்றம் சாட்டினார் என்றால். அவையும் நடந்தன. இயக்கம் பிளந்தது, கோமதி மார்க்சிஸ்ட் கட்சியோடு இணைந்து பின் விலகினார். ஒன்பது நாட்களில் வானளாவத் தூக்கிய கருவிகள் அடுத்த ஓராண்டில் அதே ஆர்வத்தோடு சரிவையும் படம் பிடித்தன. இதில் ஊடகத்தின் மீது மணி சொல்லும் குறைகளில் பாதியைக் கோமதியும் சொல்லியிருக்க முடியும். வேறுபாடு என்னவென்றால், ஊடகத்தைப் பகைத்துக்கொள்ளும் வசதி அமைச்சருக்கு உண்டு. அவர் எங்கே சென்றாலும் செய்தியாளர் பின்னால் வருவார். வட்டார ஊராட்சி உறுப்பினருக்கு அந்த வசதி இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடிப் பிரிவில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன நிலையில் வெளியுலகம் அறிந்தது மறுநாள் காலையில். 70 உயிர்கள். ஏறக்குறைய அனைவரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அதே ஆகஸ்ட் 7 மாலையில் கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் ஓடுதளத்தைக் கடந்து விழுந்தது. முதலமைச்சர் மறுநாளே கரிப்பூருக்குச் சென்றார். பெட்டிமுடிக்கு வந்தது ஆகஸ்ட் 13இல். விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம், பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்திற்கு ஐந்து இலட்சம் என்ற அறிவிப்பு வேறு. மலைப்பாதையின் தூரமும் மழையும் காரணமாகக் காட்டப்பட்டன. அவற்றில் உண்மையும் இருக்கலாம். ஆனால் ஒரே நாளின் செய்தி நேரத்தில் எந்தச் சாவுக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தது என்பதைத் தோட்டத்தில் இருந்தவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தனர்.

முதலமைச்சரும் ஆளுநரும் மூணாறு வந்த அன்று, கோமதி அவர்களுடைய வாகன வரிசையின் முன் சாலையில் இறங்கி மறிக்க முனைந்தார். தொழிலாளிக்கு நிலமும் வீடும் வேண்டும் என்பதே முழக்கம். காவலர்கள் அவரை அப்புறப்படுத்திக் கொண்டு போயினர். அதுவரை நிலமற்ற தொழிலாளர்களின் கோரிக்கைக்குக் கிடைக்காத சில நிமிட ஒளிபரப்பு அப்போது கிடைத்தது. அன்று அவர் பதவியில் இருந்த மக்கள் பிரதிநிதி என்பதைச் செய்திகளில் பல மறந்தே போயின. போராட்டக்காரி என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஊடகத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று பயிலரங்கம் நடத்துபவர்கள் இக்காட்சியை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பார்களோ தெரியவில்லை.

இராஜேந்திரனின் கதை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2019 பிப்ரவரியில், மூணாறு ஊராட்சி ஆற்றோரத்தில் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடத்தை வருவாய்த்துறையினர் தடுக்க வந்தபோது, சார் ஆட்சியர் ரேணு ராஜைப் பற்றி அவர் இகழ்ந்து பேசியது படமாகி மாநிலம் முழுதும் ஓடியது. கட்சி விளக்கம் கேட்டது. அவர் வருத்தம் தெரிவித்தார். கட்டடத்திற்கு அனுமதி இருந்ததா என்ற கேள்வியைவிட, ‘புத்தியில்லாதவள்’ என்ற சொல்தான் நெடுநாள் நினைவில் நின்றது. இழிசொல் ஒன்று அகப்பட்டுவிட்டால் கோப்பைப் புரட்ட வேண்டிய உழைப்பு மிச்சம் என்ற சோம்பல் செய்தியாளர் தரப்பில் உண்டு. இதை மறைப்பதற்கில்லை. மூணாறு நில விவகாரத்தில் பட்டாக்களின் வரலாற்றை எழுதிய செய்திகளின் எண்ணிக்கையையும், யார் யாரை என்ன சொன்னார் என்று எழுதிய செய்திகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்க எவரேனும் முனைந்தால் விடை வெட்கப்படத்தக்கதாகவே இருக்கும்.

இதற்கு மாறான ஒரு முறையை இதே மாநிலத்தின் மற்றோர் எல்லையில், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் காணலாம். பொள்ளாச்சிக்கு மேற்கே, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்காரும் பகுதி. பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலைக்கு 2000இல் உரிமம் அளித்ததே அந்த ஊராட்சிதான். கிணற்று நீர் கெட்டுப்போனதாக இரவாளர் உள்ளிட்ட பழங்குடி மக்கள் 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் பந்தல் போட்டனர். அப்பந்தலின் முகமாக மயிலம்மா அமைந்தார். ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, 2003 ஏப்ரல் 7 அன்று ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்தது. அப்போதைய தலைவர் ஏ. கிருஷ்ணன்.

அந்த ஊராட்சி ஊடகத்திற்குத் தந்தது பெரும்பாலும் தாள்கள்: தீர்மானம், நிறுவனத்திற்கு அனுப்பிய அறிவிப்பு, நீதிமன்ற மனு. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி, ஆலை உரமென்று உழவர்களுக்குக் கொடுத்த கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனையோடு வெளியிட்டபோது, அதைச் சேர்த்துப் படிக்க ஏற்கெனவே ஓர் ஊராட்சித் தீர்மானம் இருந்தது. 2003 டிசம்பர் 16இல் நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர் நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து என்று எழுதிய தீர்ப்பு பெருமாட்டி ஊராட்சியின் பெயரிலேயே சட்ட மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகிறது. 2005இல் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது என்றாலும் 2004 மார்ச்சில் மூடிய ஆலை மீண்டும் திறக்கவில்லை.

இதை அப்பழுக்கற்ற முன்மாதிரியாகக் காட்டினால் பொய்யாகும். ஊராட்சியை ஆண்டது ஜனதா தளம். அக்கட்சியின் மாநிலத் தலைவர் எம். பி. வீரேந்திரகுமார் ‘மாத்ருபூமி’ நாளிதழின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பெரிய நாளிதழ் ஒன்றின் கதவு தானாகத் திறக்கும் வாய்ப்பு எல்லா ஊராட்சித் தலைவர்களுக்கும் வாய்ப்பதில்லை. பந்தலில் உட்கார்ந்த பெண்களுக்கு முதல் ஆண்டில் அது வாய்க்கவும் இல்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். பெருமாட்டியில் சண்டை நீரைப் பற்றியதாகவே இருந்தது, தலைவரின் நாவைப் பற்றியதாக மாறவில்லை.

இருபதேக்கர் பேச்சு அதற்குப் பின்னும் பயணம் செய்தது. அமைச்சர்களுக்கு நடத்தை விதி வகுக்க ஆணையிட வேண்டும் என்று தொடுக்கப்பட்ட பொதுநல மனுக்களைக் கேரள உயர் நீதிமன்றம், இவை அறநெறி சார்ந்தவை, நீதிமன்றத்தின் எல்லைக்குள் வாரா என்று 2017 மே மாதம் தள்ளிவிட்டது. மேல்முறையீடு உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. கௌசல் கிஷோர் வழக்கு என்று இன்று அறியப்படும் அதில் 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்பு வந்தது. அமைச்சர் ஒருவரின் பேச்சை, கூட்டுப் பொறுப்பு என்ற கோட்பாட்டைக் கொண்டு அரசின் பேச்சாகக் கொள்ள முடியாது என்பது பெரும்பான்மை முடிவு. நீதிபதி நாகரத்னா மாறுபட்டு எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. இராமசுப்பிரமணியன். தொடக்கத்திலேயே அவர் எடுத்தாள்வது அடக்கமுடைமை அதிகாரத்தில் நாவினால் சுட்ட வடுவைப் பற்றி வள்ளுவர் சொன்ன குறளை. மூணாறுத் தெருவில் தமிழில் பேசிய பெண்களின் வழக்குக்கு டெல்லியில் ஒரு தமிழ்க்குறள் காத்திருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் தீர்ப்பின் முற்பகுதியில், தோட்டமொன்றின் பெண் தொழிலாளர்கள் என்ற ஓரிரு சொற்களாகத்தான் வருகிறார்கள். யார் பொறுப்பு என்ற அரசமைப்புக் கேள்வி பெரிது. யாரிடம் சொல்ல வேண்டும் என்ற மூணாறுக் கேள்வி அங்கே எழுப்பப்படவே இல்லை.

2022 ஜூலையில் சட்டமன்றத்தில், சந்திரசேகரனின் மனைவியும் உறுப்பினருமான கே. கே. ரமாவைப் பார்த்து, அவர் விதவையானது விதி என்ற பொருளில் மணி பேசினார். ஊடகம் வெட்டி ஒட்டியது என்று சொல்ல அங்கே வழியில்லை. அவையின் பதிவு இருந்தது. பேசப்பட்டவர் எதிரிலேயே அமர்ந்திருந்தார். அந்தச் சொல் முற்போக்கு விழுமியங்களோடு ஒத்துப்போவதன்று என்று அவைத்தலைவர் எம். பி. ராஜேஷ் ஜூலை 20 அன்று தீர்ப்புரைத்தார். மணி எழுந்து அதைத் திரும்பப் பெற்றார்.

இருபதேக்கரில் சொன்னது எந்த அவைக்குறிப்பிலும் இல்லை. அதைத் திரும்பப் பெறுவதற்கு அமைச்சர் மூணாறுக்கு வரவும் இல்லை. அந்தக் கோரிக்கை நிறைவேறாமலேயே பெண்கள் பந்தலைப் பிரித்தனர். உடும்பன்சோலைத் தொகுதியில் 2016இல் 1,109 வாக்கு வேறுபாட்டில் வென்றிருந்த மணி 2021இல் 38,305 வாக்கு வேறுபாட்டில் வென்றார். கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண்களின் வாக்கு அடுத்த தொகுதியான தேவிகுளத்தில் இருக்கிறது.